500 பவுண்டு நியாயமான விலையா?

கேள்வி: இங்கிலாந்தில் குடியேறிய என் தாய்மாமா சென்ற ஆண்டு காலமானார். அங்கே துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினராக இருந்தவர். லைசென்ஸோடு வைத்திருந்த பழைய இராணுவ ரைபிள் இப்போது அந்த ஊர்த் துப்பாக்கி வியாபாரி ஒருவரின் பாதுகாப்பில் இருக்கிறது. காப்புக் கட்டணம் மாதம் 10 பவுண்டு. 500 பவுண்டுக்குத் தானே எடுத்துக்கொள்வதாக அந்த வியாபாரி சொல்கிறார். அத்தைக்கு இதெல்லாம் புரியாது என்பதால் என்னைக் கேட்கிறார். அமெரிக்க இணையத்தளம் ஒன்றில் இதே ரைபிளுக்கு 2,000 டாலர் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் முடிந்த மூன்று ஏலங்களில் 680, 820, 1,250 பவுண்டுக்குப் போயிருக்கிறது. ஏலக் குறிப்புகளையும் படங்களையும் இணைத்துள்ளேன். ‘இது அவசரகாலத்தில் மலாயாவில் இருந்த துப்பாக்கி’ என்று மாமா சொல்வார். அதற்குத் தனி விலை உண்டா? பினாங்குக்குக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் மாட்ட முடியுமா? மாமா இளவயதில் விட்டுப்போன 5 தோட்டாக்கள் இங்கே ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. ரைபிளோடு சேர்த்து விற்றால் விலை கூடுமா?
— வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மைலோ டின்னை இன்றைக்கே விட்டு ஒதுங்குங்கள். எடுத்துப் பார்ப்பது, துடைப்பது, காரில் வைத்து போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவது எதுவும் வேண்டாம். அருகிலுள்ள நிலையத்துக்குப் போன் செய்து, இறந்துபோன உறவினர் விட்டுச்சென்ற பழைய தோட்டாக்கள் வீட்டில் கிடைத்தன, வந்து எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்லுங்கள். போன் செய்த நேரத்தையும் பேசிய அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கியும் ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘மாமா வைத்தது, எனக்குச் சம்பந்தமில்லை’ என்ற பேச்சு, இருப்பது தெரிந்த நாள்வரைதான் எடுபடும். உங்களுக்கு இப்போது தெரியும். விலை என்று பார்த்தாலும் அந்த ஐந்து தோட்டாக்களால் ரைபிளுக்கு ஒரு காசும் கூடாது.

இனி ரைபிள்.

படங்களில் இருப்பது லீ-என்ஃபீல்டு நம்பர் 5 மார்க் 1. விற்பவர்கள் ‘ஜங்கிள் கார்பைன்’ என்று அழைப்பது இதைத்தான். இராணுவப் பதிவில் அந்தப் பெயர் கிடையாது. 1944 முதல் 1947 வரை லிவர்பூலுக்கு அருகே ஃபாஸாகர்லி அரசுத் தொழிற்சாலையிலும், பர்மிங்காமுக்கு அருகே பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் ஷர்லி ஆலையிலும் மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் செய்யப்பட்டன. உங்கள் ரைபிளின் இடப்பக்க உலோகத்தில் பென்சிலால் கிறுக்கியதுபோல் ‘நம்பர் 5 மார்க் 1 ஆர்.ஓ.எஃப். (எஃப்) 3/46’ என்று இருக்கிறது. ஃபாஸாகர்லியில் 1946 மார்ச்சில் செய்தது என்று பொருள். எழுத்து மின்பென்சிலால் கீறியது என்பதால் மெலிதாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் போலி என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் போலிகள் உண்டு. நீளமான நம்பர் 4 ரைபிளின் குழலை வெட்டி, முனையில் சுடும் தீயை மறைக்கும் கூம்பு வடிவ பிளாஷ் ஹைடரைச் செருகி, நம்பர் 5 என்று விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அப்படி வெட்டியதற்கு அசலின் விலை கிடைக்காது. ஆகவே முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பின்குறியின், அதாவது குறிபார்க்க உதவும் பின்பக்கக் கருவியின், சட்டகத்தை நிமிர்த்திப் பாருங்கள்: நம்பர் 5-இல் அளவு 800 கஜத்தோடு முடியும், நம்பர் 4-இல் 1,300 வரை போகும். பின்குறியை யாரும் மாற்றிவிடலாம் என்பதால் அது மட்டும் போதாது. எடை குறைப்பதற்காக ஆலையிலேயே சுரண்டி எடுத்த பள்ளங்களைத் தேட வேண்டும். ரிசீவரின், அதாவது குழல் பொருந்தும் நடு உலோக உடலின், பக்கங்களில் உலோகம் குடைந்திருக்கும். குழல் ரிசீவரோடு சேரும் தடித்த பகுதியிலும், மேல்மரத்தைக் கழற்றினால், அப்படிப் பள்ளங்கள் தெரியும். தோட்டாவைக் குழலில் தள்ளி மூடும் போல்ட்டின் கைப்பிடிக் குமிழும் உட்குடைந்திருக்கும். நம்பர் 4-ஐ வெட்டுகிறவர்கள் குழலடிப் பள்ளம்வரை மெனக்கெடுவதில்லை. பிளாஷ் ஹைடர் அசலென்றால் இரண்டு குறுக்கு ஊசிகளால் குழலில் பிணைக்கப்பட்டிருக்கும். திருகாணி தெரிந்தால் அது பின்னால் போட்டது. உங்கள் படத்தில் ஊசிகள் இரண்டும் தெரிகின்றன, 800-உம் தெரிகிறது, ரிசீவர் பள்ளமும் இருக்கிறது. குழலடிப் படம் மட்டும் இல்லை. வியாபாரியிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எண்கள். ஒரே ரைபிளில் பிறந்த பாகங்கள் ஒரே எண்ணைச் சுமக்கும். ரிசீவர் பக்கத்து எண்ணும் போல்ட் கைப்பிடியின் அடியில் உள்ள எண்ணும் முன்மரத்தின் அடிப்புற எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தோட்டாப் பெட்டியான மேகசினில் எண் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் குறையில்லை. உங்கள் ரைபிளில் போல்ட்டின் கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. இதுதான் விலையில் அடிக்கிற பெரிய அடி. சேகரிப்பவருக்கு அது ‘கலப்பு’. சுடுபவருக்கு வேறு கவலை: தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி சரியா என்பது. வேறொரு ரைபிளின் போல்ட் நுழைந்தால் அந்த இடைவெளி மாறியிருக்கலாம். அதிகமானால் தோட்டாக்கூடு சுடும்போது பின்பகுதியில் பிளக்கும்.

இதை அளக்க, இந்த ரைபிளின் தோட்டா அளவான .303-க்கென்று கேஜ்கள் (அளவுக்கட்டைகள்) உண்டு. .064 அங்குலக் கேஜின் மேல் போல்ட் மூடவேண்டும், .074 அங்குலக் கேஜின் மேல் மூடக்கூடாது. இரண்டு நிமிட வேலை. பெரும்பாலான துப்பாக்கி வியாபாரிகளிடம் கேஜ் இருக்கும். கூடவே போல்ட் தலையில் பொறித்த இலக்கத்தையும் கேளுங்கள். 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகள், எண் கூடக் கூடத் தலை சற்று நீளம். 0 அல்லது 1 போட்டு .074-இல் தேறினால் தேய்மானம் குறைவு, இன்னும் ஆயுள் இருக்கிறது. 3 போட்டும் தேறவில்லை என்றால் அடுத்து மாற்ற ஒன்றுமில்லை. சுடுபவர் யாரும் அதை வாங்க மாட்டார்.

பிறகு குழலின் உட்புறம். அக்கால .303 தோட்டாக்களைப் பற்றவைக்கும் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாத குழல்களில் புள்ளிபுள்ளியாக அரிப்பு விழும். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் குழலின் உள்வரிகளின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று தெரியும். பார்ப்பதற்கு முன் எண்ணெய்த் துணியை ஒருமுறை இழுக்கச் சொல்லுங்கள். தூசியும் பழைய எண்ணெயும் நல்ல குழலைக்கூடக் கெட்டதாகக் காட்டும். அத்தையின் ரைபிள் விலையில் இன்னும் தெரியாமல் நிற்பவற்றில் முக்கியமானது இதுதான். படத்தால் இதைத் தீர்க்க முடியாது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலையிலிருந்து வந்த மரம் உலோகத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். உலோகம் மரத்தைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அதோடு சோதனை முத்திரைகளும் போயிருக்கும். உங்கள் ரைபிளில் முத்திரைகள் இருக்கின்றன. தோள்கட்டையின் ரப்பர் கல்லாக இறுகி ஓரம் உடைந்திருக்கிறது. இந்த வகையில் பெரும்பாலும் அப்படித்தான். புதிது வாங்கிப் போடலாமா என்று அத்தை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் நாணயம் பார்க்கிறவர்களைக் கேளுங்கள். பழைய வெள்ளிக் காசைப் பளபளவென்று தேய்த்தவன் கதி என்னவென்று சொல்வார்கள், இங்கேயும் அதே கதிதான். மரத்துக்கு வார்னிஷ், உலோகத்துக்குக் கறுப்புச் சாயம் எதுவும் கூடாது. தோள்கட்டை ரிசீவரில் நுழையும் இடத்தில் இருக்கும் மயிரிழை விரிசலை மட்டும் வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல கைவினைஞர் ஒட்டிவிடுவார். ஆனால் விற்கும்முன் நீங்கள் ஒட்ட வேண்டாம். ஒட்டியது தெரிந்தால் இன்னும் என்ன மறைத்தார்கள் என்ற சந்தேகம் வரும்.

மாமா சொன்ன மலாயாக் கதைக்கு வருவோம். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் நம்பர் 5 இங்கே பரவலாகப் புழங்கியது உண்மை. மாமா சொன்னது நடந்திருக்கக்கூடியதும்தான். என்றாலும் விலை கூடுவதற்கு இந்த எண்ணுள்ள ரைபிள் இன்ன படைப்பிரிவில் இருந்தது என்று காட்டும் தாள் வேண்டும்: வழங்கல் பதிவேட்டு நகல், படைவீரரின் கடிதம், எண் தெரியும் பழைய படம். அவை இல்லாமல் ‘மலாயாவில் இருந்தது’ என்பதற்குச் சந்தையில் மதிப்பு இல்லை. ஒவ்வொரு நம்பர் 5-உம் அந்தக் கதையோடுதான் விற்பனைக்கு வருகிறது. மாமாவின் பழைய பெட்டிகளை அத்தை ஒருமுறை பார்க்கட்டும். அவர் வாங்கியபோது பெற்ற ரசீது கிடைத்தாலும் நல்லது.

இப்போது கணக்கு. அமெரிக்கத் தளத்தின் 2,000 டாலரை முதலில் விட்டுவிடுங்கள். அது கேட்கும் விலை, போன விலை அல்ல. அதோடு அந்த ரைபிள் ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஒன்றை அங்கே கொண்டுசேர்க்க ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகளும் இரு பக்க வியாபாரிகளின் கட்டணமும் வேண்டும். ஒரு ரைபிளுக்காக அதைச் செய்வது கட்டாது.

நீங்கள் அனுப்பிய மூன்று ஏல முடிவுகள்தான் நமக்கு அளவுகோல், குறிப்புகளையும் சேர்த்து அனுப்பியது பெரிய உதவி. 1,250-க்குப் போனதில் எண்கள் எல்லாம் ஒத்திருக்கின்றன, பயனெட்டும் (துப்பாக்கி முனைக் கத்தி) உறையும் படைவீரரின் தாள்களும் உடன் வந்தன. அது நம் ஒப்பீட்டுக்கு ஆகாது. 680-க்குப் போனது மரம் தேய்த்து, புதிதாகக் கறுப்புப் பூசியது. 820-க்குப் போனது எண்கள் ஒத்தது, குழல் சுமார், ரப்பர் மாற்றியது. நம்முடையதற்கு அருகில் இருப்பது இந்த 820. அதிலிருந்து தொடங்குகிறேன். போல்ட் எண் வேறு என்பதற்கு நான் 15 சதவீதம் கழிப்பேன்: 123 போக 697. விரிசலுக்கு 45 கழித்தால் ஏறக்குறைய 650. அசல் ரப்பர் உடைந்திருப்பதும் அங்கே மாற்று ரப்பர் போட்டிருப்பதும் சரிக்குச் சரி.

650 என்பது ஏலத்தில் விழும் விலை. அத்தை கைக்கு வருவது அது அல்ல. விற்பவரிடம் 15 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரி சேர்ந்தால் 18 சதவீதம். ஆக 650-இல் 117 போய் 533. படம் எடுக்கும் கட்டணம், வியாபாரியிடமிருந்து ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் ஒரு 35 என்றால் மிச்சம் 498. கமிஷன் விகிதம் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறுபடும், முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். குழல் மிக நன்றாக இருந்து 750-க்குப் போனால் இதே கணக்கில் 580 மிஞ்சும். குழல் அரித்துப்போய் 550-க்கு விழுந்தால் 416.

ஆகவே வியாபாரி சொன்ன 500 அநியாயம் இல்லை. ஏலம் முடிந்து அத்தை கைக்கு வரக்கூடிய தொகையைத்தான் அவர் இன்றைக்கே தருவதாகச் சொல்கிறார். அவர் அதைக் கூடுதல் விலைக்கு விற்பார் என்பது தெரிந்ததுதான். ஆனால் அங்கே சுடக்கூடிய .303 ரைபிளை யாருக்கும் விற்றுவிட முடியாது. வாங்குபவரின் லைசென்ஸில் .303 ரைபிள் ஒன்றுக்கு அனுமதி எழுதியிருக்க வேண்டும். அப்படி ஒருவர் வரும்வரை வியாபாரியின் பணம் முடங்கிக் கிடக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன்: அந்த வியாபாரியிடமே கமிஷனுக்கு விற்கக் கொடுப்பது. ஏலத்தில் வாங்குபவர் விழுந்த விலைக்கு மேல் 25 சதவீதமும் அதற்கு வாட் வரியும் கட்டுகிறார் என்றால் மொத்தம் 30 சதவீதம் கூடுதல். 650-க்கு எடுப்பவர் உண்மையில் கொடுப்பது 845. அப்படியானால் கடையில் 800 என்று எழுதிவைத்தால் வாங்குபவருக்கு அது லாபம்தான். வாட் உட்பட 20 சதவீதக் கமிஷன் போனால் அத்தைக்கு 640. விற்கும்வரை மாதம் 10 பவுண்டு காப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். கமிஷன் பெறுகிறவர் அதைக் கேட்பது முறையல்ல. மறுத்தால், நான்கு மாதமானாலும் 600 மிஞ்சுகிறது. ஆறு மாதம் கெடு வையுங்கள். அதற்குள் விற்காவிட்டால் 500-க்கு அவரே எடுத்துக்கொள்வதாக இப்போதே எழுதித் தரட்டும். அத்தைக்கு இந்த விஷயம் உடனே முடிய வேண்டும் என்றிருந்தால் கேஜ் சோதனையைச் செய்யச் சொல்லி, குழல் நன்றாக இருந்தால் 575 கேளுங்கள். 550-க்கு இறங்கினால் கொடுத்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘செயலிழக்கச் செய்துவிட்டால் லைசென்ஸ் தொல்லை இல்லை, காட்சிக்கு வாங்குகிறவர்கள் நிறைய’ என்று யாராவது சொல்லக்கூடும். அது பாதி உண்மை. வேலைக்கூலியும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையின் சான்றிதழ்க் கட்டணமும் அத்தையின் பணத்திலிருந்து போகும். இன்றைய விதிப்படி போல்ட்டையும் குழலையும் பற்றவைத்து அடைத்துவிடுவார்கள். நல்ல குழலாக இருந்தால் அதோடு அதன் மதிப்பும் போயிற்று, திரும்ப வராது. குழல் கெட்டது என்று கேஜும் கண்ணும் சொன்ன பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம்.

அத்தையின் சட்டநிலையையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். லைசென்ஸ் மாமா பெயரில் இருந்தது, அவரோடு அது முடிந்தது. பதிவுபெற்ற வியாபாரியிடம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அனுமதி இல்லாமல் அத்தை அதை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. எடுத்துவரவேண்டிய அவசியம் ஏற்பட்டால் உள்ளூர்ப் போலீஸிடம் தற்காலிக அனுமதி பெற்ற பிறகே. வியாபாரி தன் பதிவேட்டில் இந்த எண்ணுள்ள ரைபிளை மாமாவின் சொத்து என்று குறித்திருக்கும் பக்கத்தின் நகல் ஒன்று அத்தையிடம் இருக்கட்டும். விற்பனை ரசீதில் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும்.

பினாங்குச் சுவரில் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். உங்கள் மனநிலை புரிகிறது, மாமாவின் கை பட்ட பொருள். ஆனால் இங்குள்ள சட்டம் கடுமையானது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டு துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. செயலிழக்கச் செய்தது என்று இங்கிலாந்துச் சான்றிதழ் காட்டினாலும் இங்கே பயனில்லை. ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையே தனிப் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. முழு ரைபிள் வேண்டாம், போல்ட்டையோ மேகசினையோ மட்டும் பார்சலில் அனுப்பச் சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். சுடும்போது தெரியும் தீயைக் குறைக்கும் துணைக்கருவியும் அதில் அடங்கும் என்பதால் அந்தக் கூம்பு பிளாஷ் ஹைடரும் தப்பாது. பயனெட் வேறு வகை என்றாலும் டேகர் வகைக் கத்திகள் சுங்கத்தின் இறக்குமதித் தடைப் பட்டியலில் உள்ளவை, கேட்காமல் கொண்டுவர வேண்டாம்.

கொண்டுவரக்கூடியவை இருக்கின்றன. மாமாவின் கழக உறுப்பினர் அட்டை, அவர் சுட்டுப் புள்ளி பெற்ற இலக்குத் தாள்கள், ரைபிளோடு அவர் நிற்கும் படம் ஏதாவது இருந்தால் அது, தோளில் மாட்டிய கான்வாஸ் வார். வாரைக் கழற்றி அனுப்பும்படி வியாபாரியிடம் சொல்லுங்கள். விலையில் அது பெரிய மாற்றம் தராது.